கைக்கு வாய் இல்லாத வேலை

டென்மார்க்கின் ஒடென்சேயில் நடந்த எங்கள் தமிழர் ஒன்றுகூடலில், வடைத் தட்டோடு என்னருகே வந்து உட்கார்ந்த இரண்டு இளம்பெண்கள் சுற்றிவளைக்காமல் கேட்டார்கள். நான் ஓய்வு பெற்ற அதே வேலையில் இருவரும் அண்மையில்தான் சேர்ந்திருந்தார்கள்.

"அன்ரி, உங்களை வேலைக்கெண்டு ஆபிரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனவையாம். பாலைவனத்துக்காம். சம்பளத்தோடயாம். உண்மையோ?"

"ஓம்."

"எங்களைப் பக்கத்துச் சுப்பர்மார்க்கெற்றுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகினம்," என்றாள் ஒருத்தி. மற்றவள் வடையைக் கடித்தபடி, "அதுவும் வண்டில் தள்ள," என்றாள்.

வடை ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய கதையாக அது இல்லை. ஆகவே எங்கள் ஆண்டு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்தேன். அந்த வாக்கைத்தான் இப்போது காப்பாற்றுகிறேன்.

இந்த வேலையை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உடலின் வலு குன்றிய ஒருவர் தன் வீட்டில், தன் விருப்பப்படி வாழ்வதற்கு இந்நாட்டில் கொமூன, அதாவது நகராட்சி, வழி செய்து கொடுக்கிறது. உதவியாளர்களைத் தேடுவதும் நேர்முகம் காண்பதும் வேலைக்கு வைப்பதும் அனுப்புவதும் அந்த மனிதரே. யாரைத் தூக்கி உட்கார்த்துகிறோமோ அவர்தான் நமக்கு முதலாளி. நோயாளி என்ற சொல்லுக்கு அந்த வீடுகளில் இடமில்லை.

நான் அங்கு வந்து சேர்ந்த பாதை நீளமானது, எழுதினால் சலிப்பூட்டும். மீன் தொழிற்சாலை, மருத்துவமனையின் சலவைக்கூடம், மாலை நேர மொழி வகுப்பு, பராமரிப்புப் பயிற்சி, பிறகு முதியோர் இல்லம். முதியோர் இல்லத்தில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தேன். ஒருவருக்குத் தாகம் என்பதை அவர் வாய் திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துத் தண்ணீரை நீட்டிவிடுவேன். வீட்டுக்கு வந்தவரிடம் "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்பதையே குறையாக நினைக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். கேட்பது தர மனமில்லாதவர்களின் வேலை. நாங்கள் கொண்டுவந்து வைத்துவிடுவோம்.

அந்தக் கெட்டித்தனம், எனக்கு முதலாளியாக வந்த இங்கர் என்ற பெண்மணியின் வீட்டில் முதல் நாளே செல்லாக்காசாகியது.

இங்கர் என்னைவிட ஒரு வயது இளையவர். தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய் சிறுவயதிலேயே அவருக்கு வந்தது. நான் அவரைக் காணும்போது கழுத்தும் முகமும் வலக்கையின் இரண்டு விரல்களும் மட்டுமே அவர் சொற்கேட்டன. அவர் மணலைப் படித்தவர். பல்கலைக்கழகமொன்றின் ஆய்வுகூடத்தில், டென்மார்க்கின் யூலாந்துக் குடாநாட்டு மேற்குக் கரை மணலை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்ப்பதே அவர் வாழ்நாள் வேலையாக இருந்தது.

நேர்முகத்தின்போது மேசையில் அவருடைய கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் கண் ஒரு தடவை அந்தப் பக்கம் போய் வந்தது. எனக்கு அது போதும். எழுந்து கோப்பையை எடுத்து, உறிஞ்சுகுழாயை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"நான் கேட்டனானோ?" என்றார்.

டேனிஷ் மொழியில் எல்லோரும் எல்லோரையும் ஒரே சொல்லால்தான் விளிப்பார்கள்; எங்கள் 'நீர்' என்பதற்கு அது கிட்ட வரும். இங்கரின் பேச்சை இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அவர் அப்படித்தான் இருக்கிறார்.

கோப்பையை எடுத்த இடத்திலேயே, பிடி முன்பு எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமாகவே திருப்பி வைத்தேன். மறுநாள் தொலைபேசியில் வேலை எனக்கென்றார். "மற்றவையும் கோப்பையைத் தூக்கினவைதான், பிறகு எல்லாரும் மன்னிப்புக் கேட்டவை. கோப்பி ஆறினதுதான் மிச்சம். நீர் ஒருத்திதான் அதைத் திருப்பி வைச்சனீர்."

அவர் சட்டம் சுருக்கமானது. நான் அவருடைய கை. கைக்கு வாய் இல்லை. அவர் எடு என்றால் எடுக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும். அவருக்குக் குளிரும் என்று நானாகப் போர்வையை இழுத்துவிடக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது, கேட்டாலொழிய. கடையிலோ வங்கியிலோ யாராவது அவரை விட்டுவிட்டு என்னிடம் "இவவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் அவருடைய இடது கால் சப்பாத்தைப் பார்க்க வேண்டும். கேட்டவர் என் பார்வையைத் தொடர்ந்து சப்பாத்துக்குப் போவார். அங்கே ஒன்றும் இல்லாததால் மெல்ல மேலே வருவார். இங்கரின் முகத்தில் வந்து நிற்பார். இது ஒருநாளும் தவறியதில்லை. டென்மார்க்கின் அலுவலகங்களில் நான் எத்தனையோ பேரை அந்தச் சப்பாத்து வழியாக ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொரு நடைமுறை இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் கண்ணாடி. தன் உடல் எப்படி இருக்கிறதென்று அவருக்கே தெரியாத நேரங்கள் வரும். அப்போது "கண்ணாடி" என்பார். நான் கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும். குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. நல்லது கெட்டது என்று தரம் பிரிப்பதும், இனி என்ன செய்யலாம் என்று சேர்ப்பதும் கண்ணாடியின் வேலையல்ல. கேட்க இலகுவாக இருக்கும் இந்தச் சட்டம்தான் எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. நோயுற்றவரைப் பார்க்கப் போகும் வீட்டில் எங்கள் முதல் வார்த்தை எப்போதும் "இப்ப முகம் தெளிஞ்சிருக்கு" என்பதுதான், முகம் எப்படி இருந்தாலும். அதை யாரும் பொய்யென்று எண்ணுவதில்லை. தோடம்பழப் பையைப் போல அதுவும் கையோடு கொண்டுபோகிற ஒரு பொருள்.

பயணத்தின் காரணத்தை இங்கரே ஒரு மழைநாளில் சொன்னார். "எங்கட மணல்மேடெல்லாம் புல்லு நட்டுக் கட்டிப்போட்டது. அவிட்டு விட்ட மணல்மேடொண்டை நான் பார்க்க வேணும்." நமீபியாவின் பாலைவனத்தில் ஓரிடம் இருந்தது. நகரும் மணல்மேடுகள் ஓர் ஆற்றின் வழியை மறித்துவிட, தண்ணீர் வராமற்போன தரை வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. அதில் செத்துப்போன மரங்கள் இன்னும் நிற்கின்றன. வேலைக்காலம் முழுவதும் அந்த இடத்தைப் பற்றி அவர் வகுப்பெடுத்திருந்தார். "ஆரோ எடுத்த படத்தைக் காட்டித்தான் கதைச்சனான். நான் பாத்தனான் எண்டு ஒருக்காச் சொல்ல வேணும்."

மூச்சுக்கான தசைகளும் தளரத் தொடங்கியிருந்தன. இரவில் முகமூடி வைத்து, இயந்திரத்தின் உதவியோடு மூச்சு விட்டார். இந்த ஆண்டு விமானத்தில் போகலாம், அடுத்த ஆண்டுக்கு வாக்குத் தர மாட்டேன் என்றார் மருத்துவர். ஆகவே அந்த ஆண்டே புறப்பட்டோம்.

பயணங்களுக்கு இரண்டு உதவியாளர்கள் வேண்டும். மற்றவர் டானியல் அண்ணை. சக்கர நாற்காலி ஏற்றக்கூடிய இங்கரின் வான் வண்டியை ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெந்தெகொஸ்தே சபையில் கிற்றார் வாசிப்பார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். என்னுடைய திருநீற்றைக் கண்டால் ஒரு பெருமூச்சோடு பொறுத்துக்கொள்வார். அந்த மரங்களைப் பார்க்கப் போன நாள் காலை, நமீபியாவில் நாங்கள் தங்கிய பாலைவனத்து விடுதியின் முற்றத்தில், வாடகைக்கு எடுத்த வானின் முன் ரயரில் கைவைத்து அவர் கண்ணை மூடிச் செபித்தார். நான் மற்ற ரயரில் ஒரு கீற்றுத் திருநீறு பூசினேன்.

கடவுள் நம்பிக்கை இல்லாத இங்கர், இரண்டையும் உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லது. உபரி ரயரையும் ஆராவது கவனியுங்கோ."

கிழக்கு வெளுக்கும்போது சரளை வீதியில் ஏறினோம். நமீபியாவில் எங்கள் ஊரைப்போல இடப்பக்கமாகத்தான் வாகனம் ஓட்டுவார்கள். டானியல் அண்ணையின் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் சரியான பக்கத்தால போறன், தங்கச்சி!"

பக்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கை டென்மார்க்கில் பழகிவிட்டது. திரும்பும் இடங்களிலெல்லாம் அவர் சைகை விளக்கைப் போட நினைத்துத் துடைப்பானைப் போட்டார். ஒரு சொட்டு மழையும் இல்லாத அந்த வெளியில், வளைவுக்கு வளைவு கண்ணாடித் துடைப்பான் கிறீச்சிட்டபடி எங்களுக்குக் கையசைத்தது.

"டானியல், மழை பெய்யுதோ?" என்று இங்கர் பின்னாலிருந்து விசாரித்தார்.

"விசுவாசத்தோட போடுறன். பெய்யும்."

வீதியின் இருமருங்கும் புல்லென்று சொல்லக்கூடிய மஞ்சள் நிறக் கீறல்கள், அப்பால் ஊதா மலைகள், எங்கள் பின்னால் நாங்களே எழுப்பிய தூசி. தீக்கோழி ஒன்று எங்களோடு கொஞ்சத் தூரம் ஓடிவந்து, ஆர்வம் குறைந்து நின்றுவிட்டது. இங்கரின் கட்டளைப்படி ஒரு முள்மரத்தின் கீழ் நிறுத்திக் காலைச் சாப்பாட்டை முடித்தோம். அவருக்கு டென்மார்க்கிலிருந்தே சுமந்துவந்த கறுத்த ரொட்டியும் பாற்கட்டியும். டானியல் அண்ணை அதே ரொட்டிக்குள் மாசிச் சம்பலை அடைத்துக் கொண்டார். வாசனை இங்கரை எட்டியது. தனக்கும் ஒரு துண்டு கேட்டார். உறைப்பில் கண்ணீர் வழிய வழிய, இன்னொன்றும் கேட்டார்.

சரளைக்குப் பிறகு வந்த தார் வீதியும் முடிந்த இடத்தில் எங்கள் வான் நிற்க வேண்டும். மேற்கொண்டு மணல். நான்கு சக்கரமும் இழுக்கும் வாகனத்தோடு அங்கே காத்திருந்தார் பெட்ருஸ். உள்ளூர் வழிகாட்டி, பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய சிரிப்பு. நாங்கள் கொண்டுவந்த பலகைகளைச் சாய்த்து, இங்கரின் சக்கர நாற்காலியை உருட்டி ஏற்றி, வார்களால் கட்டினோம். நோய் இங்கரை என்னைவிட மிக மூத்தவராகக் காட்டியிருக்க வேண்டும்; பெட்ருஸ் ஆங்கிலத்தில் என்னிடம் மிகுந்த பணிவோடு கேட்டார்: "உங்கட அம்மாவுக்கு வசதியாக இருக்கோ?"

நான் இடது சப்பாத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு மேலே வந்தார்.

"அம்மா இல்லை, முதலாளி," என்றார் இங்கர். "அம்மாவெண்டால் இவ இன்னும் கொஞ்சம் மரியாதை தந்திருப்பா."

அதன்பிறகு பெட்ருஸ் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நடுவழியில் இறங்கி ரயர்களின் காற்றைக் குறைத்தபோது, ஏன் குறைக்கிறார், எவ்வளவு குறைக்கிறார் என்று இங்கர் கேட்க, இருவரும் மணலைப் பற்றி நெடுநேரம் கதைத்தார்கள்.

வாகனம் போகக்கூடிய இடமும் முடிந்தது. எங்களுக்கும் அந்த வெள்ளைத் தரைக்கும் இடையில் கிடந்தது மணல்தான். செந்நிற மேடுகள் இருபுறமும் கத்தி விளிம்போடு உயர்ந்து நின்றன.

"நாங்கள் மூண்டு பேர். தூக்கிக்கொண்டு போயிடலாம்," என்றார் பெட்ருஸ், இம்முறை இங்கரிடமே.

"நான் பார்சல் இல்லை. சின்னனில எல்லாரும் தூக்கித் தூக்கித்தான் கொண்டு திரிஞ்சவை. காணும். சக்கரத்தில போறன், இல்லாட்டித் திரும்பிப் போறன்."

மணலில் சக்கர நாற்காலியை முன்னோக்கித் தள்ள முடியாது. சின்னச் சக்கரங்கள் புதைந்துவிடும். பின்னோக்கிச் சாய்த்து, பெரிய சக்கரங்களில் மட்டும் நிற்க விட்டு இழுக்க வேண்டும். யூலாந்தின் கரையில் இதைப் பழகித்தான் வந்திருந்தோம். இதில் ஒரு குறை உண்டு: இருப்பவர் பின்புறமாகப் போவார். வருகிற இடம் தெரியாது. விட்டுவந்த இடம்தான் தெரியும். பெட்ருஸ் காட்டிய வழியில், சக்கரத்துக்கும் கொஞ்சம் காற்றுக் குறைத்துக்கொண்டு, டானியல் அண்ணையும் நானும் இழுத்தோம். பெட்ருஸ் இங்கருக்குக் குடை பிடித்தபடி பக்கத்தில் நடந்தார்.

"என்ன தெரியுது?" என்று நான் கேட்கவில்லை, கேட்கக் கூடாது. அவராகவே சொன்னார். "பெட்ருஸின்ர வாகனம் சின்னனாகுது. நல்ல முன்னேற்றம்."

கொஞ்சத் தூரம் எல்லாம் சிரிப்பாகத்தான் போனது. பிறகு வெய்யில் ஏறியது. மணல் மேல்நோக்கிச் சாயத் தொடங்கியது. ஒவ்வொரு இழுப்பிலும் நாற்காலி குலுங்கியது. இங்கரின் பகிடிகள் குறைந்தன. வசனங்கள் குறுகிச் சொற்களாகின. அதை நான் கவனித்தேன். கவனிப்பது கையின் உரிமை. வாய் திறக்கவில்லை.

முன்னால் ஒரு தாழ்ந்த மணல்மேடு குறுக்கே கிடந்தது. "அதுக்கு அங்காலதான்," என்றார் பெட்ருஸ். "மேல ஏறினால் எல்லாம் தெரியும்."

அப்போது இங்கர் மெல்லிய குரலில் சொன்னார்: "கண்ணாடி."

நாற்காலியை நிறுத்தி, அவருக்கு முன்னால் வந்து குந்தினேன்.

டானியல் அண்ணைக்கும் அந்தச் சொல் தெரியும். அவர் எனக்குப் பின்னால் வந்து நின்று தமிழில் கதைத்தார். பாலைவனம் அமைதியாக இருந்தபடியால், மெல்லச் சொன்னதும் உரக்கக் கேட்டது.

"தங்கச்சி, நல்லா இருக்கிறா எண்டு சொல்லுங்கோ. இந்தா, இந்த மேடுதான். ஒரு இழுவை இழுத்தால் முடிஞ்சுது. மனுசி எவ்வளவு காலமாக் காத்துக்கொண்டு இருந்தது. பாத்திட்டு வந்து மூச்செடுக்கட்டும்."

"அண்ணை, கொஞ்சம் சும்மா இருங்கோ."

"பொய் சொல்லச் சொல்லேல்லை. ஆறுதலாச் சொல்லுங்கோ எண்டுதான்."

அவர் சொன்னதில் கொடுமை ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் எந்தக் கட்டிலருகே நின்றிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தோடம்பழப் பை என் கையில் இருந்தது. கொடுத்தால் இங்கர் வாங்கிக்கொள்வார். மேட்டில் ஏறுவார். தன் வாழ்நாளின் படத்தைத் தன் கண்ணால் காண்பார். அதன்பின் இறங்கி வரும்போது என்ன ஆகும் என்பதை அவர் அறியாமலே தீர்மானித்திருப்பார்; உண்மையில் தீர்மானித்தவள் நானாக இருப்பேன். இங்கரின் கண்கள் என் முகத்தை விட்டு அகலவில்லை. தமிழ் அவருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு கைகள் தமக்குள் வாதாடுவது எவருக்கும் தெரியும்.

"உதடு ரெண்டும் விளிம்பில நீலம்," என்றேன். "நகம் சாம்பல் நிறம். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை இழுபடுது. நெற்றியில வேர்வை இல்லை."

அவர் கண்ணை மூடினார். அவர் கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மூச்சு இயந்திரத்தின் பற்றறியைப் பற்றிய கணக்கு. பெட்ருஸின் வாகனத்தில் இருந்தது ஓர் ஓய்வுக்குப் போதும். மற்றதை, விடுதிக்குத் திரும்பும் நீண்ட சரளை வீதிக்காக வானில் வைத்திருந்தோம். இங்கே ஓர் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். மேடேறி இறங்கினால் இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்று இல்லை.

கண் திறந்தார். "இஞ்சயே நிப்பம். டானியல், மெசினைக் கொண்டு வாரும்."

டானியல் அண்ணை ஓடினார். அந்த வயதில், அந்த வெய்யிலில், மணலில் ஓடினார். பெட்ருஸும் நானும் நாற்காலியை மணல்மேட்டின் நிழல் விழுந்த ஒடுங்கிய கரையில் நிறுத்தி, குடையை ஊன்றினோம். இயந்திரம் வந்ததும் முகமூடியை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகமூடி வைத்தால் கதைக்க முடியாது. வைப்பதற்கு முன் இங்கர் என்னைப் பார்த்தார்.

"நீர் போம்."

"எங்க?"

"மேட்டுக்கு அங்கால. கண்ணாடியை அங்க கொண்டுபோய்ப் பிடிக்கலாம்தானே. வடிவாப் பாத்துக்கொண்டு வாரும். படத்தில இருக்கிறதைச் சொல்ல வேண்டாம். அது எனக்குத் தெரியும்."

பிறகு, "இப்ப," என்றார். முகமூடியை வைத்தேன்.

தனியே மேடேறினேன். விருப்பமில்லாமல்தான் ஏறினேன் என்பதைச் சொல்ல வேண்டும். அவருடைய இடத்தை அவருக்கு முன்பாக நான் காண்பது, பந்தியில் முதல் ஆளாக உட்காருவது போலக் கூச்சமாக இருந்தது. உச்சிக்கு வந்ததும் அந்தக் கூச்சமும் போய்விட்டது.

திரும்பி வந்தபோது முகமூடி கழற்றியிருந்தார்கள். இங்கரின் உதடுகளில் நிறம் வந்திருந்தது. நான் மணலில் உட்கார்ந்தேன்.

"சொல்லும்."

இத்தனை ஆண்டுகளில் அவரிடம் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதில்லை. தரை வெள்ளை, ஆனால் பனியின் வெள்ளை இல்லை. வறுத்த அரிசிமாவைப் பாயில் பரப்பி உலரவிட்ட வெள்ளை. கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பும், வெய்யிலில் மறந்துபோய் விட்ட அப்பளம் போல மேலே சுருண்டிருக்கிறது. கால் வைத்தால் மெல்ல முறிகிறது. மரங்கள் கறுப்பு, எங்கள் ஒடென்சேயில் புயலுக்கு அடுத்த நாள் குப்பைத் தொட்டியில் நிற்குமே, துணி பறந்துபோன குடைகள், அப்படி. ஒரு வண்டு தன் நிழலைவிட வேகமாகப் போகப் பார்த்தது. சத்தம் இல்லை, இரத்தம் ஓடுவது காதுக்குள் கேட்டது.

இங்கர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண் திறந்து, வகுப்பறைக் குரலில், "மரத்தடியில மணல் எந்தப் பக்கமாச் சேர்ந்திருக்கு?" என்றார்.

நான் மேட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"மணலில இருக்கிற அலை வரி எந்தப் பக்கம் பாக்குது?"

"பாக்கேல்லை."

"அப்ப என்னத்தைப் பாத்தனீர்?"

பெட்ருஸ் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். டானியல் அண்ணை, "எழும்புங்கோ தங்கச்சி, உங்களுக்கு இண்டைக்கு ரெண்டாம் தரிசனம்," என்றார். மறுபடியும் மேடேறினேன். குனிந்து பார்த்தேன். மரத்துக்கு மரம் சுற்றி வந்தேன். இம்முறை எனக்காக இல்லை என்பதால் முன்பு தவறவிட்டதெல்லாம் தெரிந்தது. மணல் கிழக்குப் பக்கத்தில் வால்போல் நீண்டிருந்தது. அந்த வாலில் மட்டும் செம்மை. வந்து சொன்னபோது இங்கர் தலையை அசைத்தார். அவர் எதிர்பார்த்தது அதுவல்ல என்பது முகத்தில் தெரிந்தது. அதில் அவருக்கு வந்த மகிழ்ச்சியும் தெரிந்தது.

திரும்பு முன், நாற்காலியை மணல்மேட்டின் சரிவோடு ஒட்ட நிறுத்தச் சொன்னார். வலக்கையை எடுத்து மணலில் வைக்கச் சொன்னார். நான் வைத்துவிட்டு என் கையை எடுத்துக்கொண்டேன். அவர் சுட்டுவிரலை மட்டும் அசைத்தார். அந்த அசைவுக்கு மேலிருந்த மணல் ஒரு சிறு நாக்காகச் சரிந்து, அவர் மணிக்கட்டைச் சுற்றி ஓடி, நின்றது. மறுபடி அசைத்தார். மறுபடி ஓடியது.

"அவிட்டு விட்டது," என்றார் இங்கர்.

திரும்பிப் போகும்போது அவர் முகம் முன்னோக்க, வெளிச்சத்தில் போனார். சரிவு இறக்கமாக இருந்ததால் இழுக்கத் தேவைப்படவில்லை. பின்னே சாய்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினால் போதுமாக இருந்தது.

சரளை வீதியில் டானியல் அண்ணை ஒரு வளைவில் துடைப்பானைப் போட்டு, நிறுத்தி, என்னைப் பாராமலே சொன்னார்: "நான் கேட்டது பிழை இல்லைத் தங்கச்சி."

"பிழையெண்டு நான் சொல்லேல்லையே, அண்ணை."

"ஆனாச் சொல்லியிருந்தால் ஏறியிருப்பா."

"ஓம். ஏறியிருப்பா."

இன்னும் கொஞ்சத் தூரம் போனோம். "சரி, கண்ணாடி. நான் எப்பிடி இருக்கிறன்?"

"மூக்கு நல்லாக் கருகிப்போச்சு. தலையில மணல். சேட்டுப் பொத்தான் ஒண்டு மாறிப் போட்டிருக்கிறீங்கள், காலமை தொடக்கம்."

"காலமையே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் கேக்கேல்லை."

என்ன சிரிப்பென்று இங்கர் பின்னாலிருந்து கேட்டார். டேனிஷில் சொன்னேன். மூச்சுக்குக் கேடாகும் அளவுக்குச் சிரித்தார்.

இந்த இளவேனிலில் இங்கரின் பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். இப்போது அவர் பகலிலும் முகமூடி வைக்கிறார். கதைப்பதற்காக இடையிடையே கழற்றுவார். அவர் பக்கத்தில் ஒரு புதிய உதவியாளர் நின்றார். எனக்கு விருந்தாளியின் நாற்காலியும் விருந்தாளியின் கேக்கும். பழைய ஆய்வுகூட நண்பர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ பாலைவனத்தைப் பற்றிக் கேட்க, இங்கர் முகமூடியைக் கழற்றச் சொன்னார்.

"நான் பாத்தனான்," என்று தொடங்கினார். "தரை வெள்ளை. பனி மாதிரி இல்லை; வறுத்த அரிசிமாவைப் பாயில காயப்போட்ட மாதிரி."

நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டென்மார்க்கில் யாரும் அரிசிமாவைப் பாயில் காயப்போடுவதில்லை.

"விளிம்பெல்லாம் வெய்யிலில மறந்துபோய் விட்ட அப்பளம் மாதிரிச் சுருண்டு கிடந்தது. மரத்தடியில மணல் கிழக்குப் பக்கமா நீண்டிருந்தது, செக்கச் செவேலெண்டு. நான் நினைச்சதுக்கு நேர் எதிர்."

அப்பளம் என்ற சொல்லை அவர் தமிழிலேயே சொன்னார். நரைத்த தாடி வைத்த ஒருவர், வாழ்நாள் முழுவதும் அவரோடு மணலைப் பார்த்தவராக இருக்க வேண்டும், மெல்ல என் பக்கம் திரும்பினார். "நீரும் கூடப் போனனீர்தானே? உண்மையாவே அப்பிடியோ இருந்தது?"

என் கண்கள் என்னைக் கேளாமலே இங்கரின் இடது சப்பாத்துக்குப் போய்விட்டன. தாடிக்காரரின் கண்களும் பின்னால் வந்தன.

இங்கர் சிரித்தார். "இண்டைக்கு அவ விருந்தாளி. பதில் சொல்லலாம்."

நான் நிமிர்ந்தேன்.

"ஓம்," என்றேன். "அவ சொன்னதில ஒரு சொல்லும் பிழை இல்லை."